கத்திரி வெயிலில் குளிர் கண்ட கார்

முப்பத்தாறு வருஷம் திருச்சுழி தாலுகாவில் சர்வேயராக இருந்தவன் நான். ஒரு விரற்கடை கூடினால் அண்ணன் தம்பி அரிவாளைத் தூக்குகிற ஊர்களில் அளந்து அளந்து, உள்ளதை உள்ளபடி சொல்லிச் சொல்லி, நாக்கு காய்ந்துபோச்சு. ரிட்டயர்டான மறுநாளே ஒரு முடிவுக்கு வந்தேன்: இனிமேல் இந்தச் சங்கையா வாயிலிருந்து ஒரு சமாச்சாரமும் அதன் சொந்த அளவில் வெளியே வராது. அதனால் நான் சொல்கிறதில் பாதியை நீங்களே கழித்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் கார் கத்திரி வெயிலில் குளிரடித்து நின்றது என்று சொல்வேன் பாருங்கள், அதில் மட்டும் கையை வைக்காதீர்கள். அது அப்படியே நடந்தது.

முதலில் பேச்சியைச் சொல்லிவிடுகிறேன். என் கடைசித் தங்கச்சி. எனக்கு மீசை முளைத்த பிறகு பிறந்தவள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் சர்வேயர் பரீட்சைக்கே படித்தேன். கல்யாணமாகி வெகுகாலம் அவளுக்குப் பிள்ளை இல்லை. கோயில் கோயிலாக மண்சோறு சாப்பிட்டாள், மதுரை ஆஸ்பத்திரிப் படிக்கட்டுகளைப் பாதியாகத் தேய்த்தாள். எல்லாரும் கையை விரித்த பிறகு ரேணுகாதேவி பிறந்தாள். பிள்ளையை முதல்முதலாக என் கையில் கொடுத்தபோது பேச்சி அழவில்லை. "அண்ணே, இவ காதுகுத்துக்கு ஒன் மடிதான். அதுவரைக்கும் முட்டியைப் பத்திரமா வச்சுக்க" என்றாள்.

எங்கள் பக்கம் அது சும்மா சொல்கிற பேச்சு இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளைக்கு மொட்டை போடணும், காது குத்தணும். மாமன் வரவில்லை என்றால் பங்காளியில் ஒருத்தர் மடி கொடுப்பார். காது அப்போதும் துளைபடத்தான் செய்யும். ஆனால் அந்தப் பிள்ளை பெரியவளாகி, கட்டிக்கொடுத்து, அதற்கு ஒரு பேத்தி பிறந்து அதற்குக் கல்யாணமானாலும், பந்தியில் யாராவது ஒரு பொம்பளை "இவளுக்கு மாமன் மடி வாய்க்கலைல்ல?" என்று கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைவாள்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமைக்குக் குறித்தார்கள். திருச்சுழிக்கு அந்தப் பக்கம், கருவேலங்காட்டுக்குள் இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயில். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் பிள்ளையை மாமன் மடியில் வைத்துவிடணும். அதை விட்டால் அடுத்து ஆனி, ஆடி என்று போய்ப் பிள்ளைக்கு நாலு வயசு ஆகிவிடும். இரட்டைப்படை வயசில் மொட்டை கிடையாது.

இப்போது காரைச் சொல்கிறேன். விருதுநகரில் ஒரு பல் டாக்டர் வைத்திருந்த வெள்ளைக் கார். மனுஷன் அதையும் தினம் பல் விளக்குகிற மாதிரி விளக்கி வைத்திருந்தார். வாங்கின அன்றைக்கே என் சம்சாரம் தங்கலட்சுமி எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோர்த்து முன்பக்கம் கட்ட வந்தாள். "ஊறுகாய்க் கடை மாதிரி இருக்கும், வேண்டாம்" என்று தடுத்துவிட்டேன். சரி என்று விட்டுவிட்டாள். அவள் ஒன்றை அவ்வளவு லேசில் விட்டால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

கொஞ்ச நாளாகக் கார் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. கண்ணை உறுத்துகிறது என்று தங்கலட்சுமி தன் ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டினாள். விளக்குப் பிரச்சினை தீர்ந்தது. சாவியைத் திருகினதுமே முன்னால் இருக்கிற விசிறி ஹெலிகாப்டர் மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடும். அதையும் ஒரு வசதி என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெட்ரோல் குடிக்கிற குடி இருக்கிறதே, பங்க்காரர் என்னைத் தூரத்தில் கண்டாலே துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொள்வார். பின்னால் போகிற கரும்புகையைப் பார்த்து, மழை இறங்குகிறது என்று மல்லாங்கிணற்றில் ரெண்டு பேர் உழவே ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் பாளையம்பட்டி வீட்டை விட்டு வெள்ளென கிளம்பிவிட்டோம். நானும் தங்கலட்சுமியும்தான். பின் சீட்டில் சீர்த்தட்டுகள்: பட்டுப்பாவாடை, கொலுசு, தோடு, வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், லட்டு, மிக்சர். முன் சீட்டில் தங்கலட்சுமி மடியில் ஒரு தட்டு, கால்மாட்டில் ஒரு வாழைத்தார். சீர்த்தட்டை வீட்டை விட்டு எடுத்தால் சபையில் போய்த்தான் இறக்கணும். நடுவில் தரையில் வைக்கக்கூடாது. அதனால் அவள் அசையாமல் கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்து வந்தாள்.

திருச்சுழி ரோட்டில் ரயில் கேட் போட்டிருந்தது. நிறுத்தினேன். ரெண்டு குலுக்கு குலுக்கிவிட்டு இஞ்சின் அணைந்தது.

"என்னங்க, நின்னுருச்சு?"

"நிக்கலை. நான் நிப்பாட்டியிருக்கேன்."

ரயில் போச்சு. கேட் திறந்தது. சாவியைத் திருகினேன். கிர்ர் கிர்ர் என்று இழுத்ததே தவிர எழுந்திருக்கவில்லை. பின்னால் நின்ற வண்டி வரிசை விருதுநகரைத் தாண்டியிருக்கும்; ஆளாளுக்கு ஹாரனை அமுக்கி, என் காது அன்றைக்குத்தான் ரெண்டாந்தரம் குத்துப்பட்டது. லாரியிலிருந்து இறங்கின நாலு பேர் என்னைக் கேட்காமலே காரைத் தள்ளி ஓரத்துக் கருவேல மர நிழலில் விட்டுவிட்டுப் போனார்கள். கருவேல நிழல் என்பது தெரியுமே. சல்லடைக்கு அடியில் நிற்கிற மாதிரி.

பேச்சி போன் போட்டாள். "அண்ணே, எங்கிட்டு வார?"

"இந்தா வந்துட்டேன் தாயி. திருச்சுழிக் கோபுரம் தெரியுது."

போனை வைத்ததும் தங்கலட்சுமி சொன்னாள்: "அங்க தெரியுறது கரண்டுக் கம்பம்."

திருச்சுழி ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போட்டேன். முகூர்த்த நாள், எல்லா ஆட்டோவும் கல்யாணத்துக்குப் போயிருந்தது. பேச்சி வீட்டுக்காரன் அய்யப்பனைக் கூப்பிட்டேன்.

"மச்சான், குட்டியானை வண்டி தண்ணி டேங்கை ஏத்திக்கிட்டு இப்பத்தான் போயிருக்கு. அது வந்து, ஒங்களை ஏத்தி... ராகுகாலம் தொட்டுரும் மச்சான். பஸ்ஸுல வந்துருங்களேன்."

"பஸ்ஸு காட்டுக்குள்ள வருமாய்யா? இத்தனை தட்டையும் மடியில வச்சுக்கிட்டு எந்தப் பஸ்ஸுல இடம் கெடைக்கும்?"

"எங்க அண்ணன் வேற, மாமன் வரலைன்னா நான் உக்காந்துக்கிறேன்னு சொல்லிக்கிட்டு இருக்காக."

அண்ணன் என்றால் நல்லகண்ணு. அய்யப்பனுக்கு மூத்தவர். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. எந்த விசேஷத்திலும் எங்கே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான்.

கடைசியில் பாளையம்பட்டி மாரிச்செல்வத்துக்குப் போட்டேன். ஒர்க்ஷாப் வைத்திருக்கிறவன். பொய் சொல்வதில் நான் ஒரு தாலுகா என்றால் அவன் ஒரு ஜில்லா. பைக்கில் பறந்து வந்தான். இறங்கும்போதே பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

"சர்வேயர் சார், நீங்க தள்ளிக்கங்க. போன்ல இஞ்சின் சத்தத்தைக் கேட்டப்பவே முடிவு பண்ணிட்டேன். பெட்ரோல்ல தண்ணி."

பெட்ரோலைக் கொஞ்சம் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தான். மோந்து பார்த்தான். கண்ணாடி மாதிரி இருந்தது. "இவ்வளவு சுத்தமாவா போடுறான்?" என்று வருத்தப்பட்டான்.

"அப்ப என்னப்பா?"

"பிளக்கு சார். நான் ரெண்டாவதா அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன்."

நாலு பிளக்கையும் கழற்றினான். நாலும் மழையில் நனைந்த கோழி மாதிரி பெட்ரோலில் சொட்டச்சொட்ட, கரி அப்பிப்போய் வெளியே வந்தன. துடைத்தான், உப்புத்தாளால் தேய்த்தான், வெயிலில் காயப்போட்டான். அந்த வெயிலில் பிளக்கு என்ன, அப்பளமே பொரிந்திருக்கும். திரும்ப மாட்டித் திருகினதும் கார் உறுமிக்கொண்டு எழுந்தது.

"பாத்தீங்களா? மாரிச்செல்வம் கை பட்டா..." என்று அவன் ஆரம்பிக்கவும், பின்னால் செங்கல் சூளை மாதிரி புகை கிளம்பியது. கார் இருமியது, குலுங்கியது, படுத்தது.

விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

பேச்சி மறுபடியும் போன் போட்டாள். இந்தத் தடவை குரல் தாழ்ந்திருந்தது. "அண்ணே, இவுக அண்ணன் பலகையில உக்காந்துட்டாக. துண்டை மடியில விரிச்சாச்சு. ஆசாரி ஊசியைத் துடைச்சுக்கிட்டு இருக்காரு. நீ எங்க இருக்க? கோபுரக் கதையெல்லாம் வேணாம்."

எனக்கு அதற்கு மேல் ஜோடிக்க ஒன்றும் வரவில்லை. "ரயில் கேட்டுல நிக்கிறேன் தாயி. கார் படுத்துருச்சு."

அந்தப் பக்கம் கொட்டுச் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது; கூட்டத்தை விட்டு விலகி நடக்கிறாள் என்று தெரிந்தது.

"சரி" என்றாள். "நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிர்றேன். நீ வார வரைக்கும் வெளிய வரமாட்டேன். தேடுறவுக தேடட்டும்."

"ஏ தாயி, முள்ளுக் காடு அது..."

"பத்தரைக்குள்ள வா."

வைத்துவிட்டாள். மாரிச்செல்வம் பைக்கில் ஏறிப் போய்விடலாம் என்றால், சீர்த்தட்டு சபையில் இறங்காமல் மாமன் மடி விரிக்க முடியாது; அத்தனை தட்டும் பைக்கில் ஏறாது. மாரிச்செல்வத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். அதுக்கப்புறம் அவன் பீத்திக்கொள்வதை நிறுத்திவிட்டு, சாமான் பைக்குள் கையை விட்டு, தீப்பெட்டித் தண்டிக்கு ஒரு நீலப் பெட்டியை எடுத்தான். ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த ஒரு பொந்தில் அதைச் செருகினான். செல்போனைத் தட்டினான்.

"இதை முதல்லயே மாட்டியிருக்கலாமேப்பா?"

"எடுத்த எடுப்புல எந்த டாக்டரு சார் ஸ்கேன் எடுப்பாரு? கையைப் பிடிச்சுப் பாக்கணும்ல?"

செல்லைப் பார்த்தான். சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

"சார், இப்ப வெயில் எவ்வளவு இருக்கும்?"

"நூத்தியெண்பது டிகிரி."

"நெசத்தைச் சொல்லுங்க சார்."

"நம்ம கணக்குல நாப்பதுக்குக் கிட்ட இருக்கும்."

"ஒங்க வண்டியும் நாப்பதுன்னுதான் சொல்லுது. முன்னாடி ஒரு கோடு போட்டிருக்கு. மைனஸ் நாப்பது."

சொன்னால் நம்பமாட்டீர்கள் என்றுதான் ஆரம்பத்திலேயே சொன்னேன். சுற்றிலும் கரிசல் மண் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. தண்டவாளத்தின் மேலே காற்று நெளிகிறது. அந்த இடத்தில் நின்றுகொண்டு, எங்கள் கார் தான் பனிக்கட்டிக்குள் புதைந்து கிடப்பதாகச் சொல்கிறது! இப்படி ஒரு புளுகை நான் ஏழு ஜென்மத்துக்கும் யோசித்திருக்க மாட்டேன். எனக்குக் காரின்மேல் ஒரு பொறாமையே வந்துவிட்டது.

மாரிச்செல்வம் விளக்கினான். "இஞ்சினுக்குள்ள ஓடுற தண்ணி எவ்வளவு சூடா இருக்குன்னு பாக்க ஒரு சென்சார் இருக்கு சார். காய்ச்சலுக்கு அக்குள்ல குச்சி வைப்பாங்கள்ல, அதே மாதிரி. அந்தக் குச்சி செத்துப்போச்சு. வண்டியோட கம்ப்யூட்டரு, நம்ம இமயமலையில நிக்கிறோம் போலன்னு நெனச்சுக்கிட்டு, குளிருக்குப் பெட்ரோலை ஊத்து ஊத்துன்னு ஊத்துது. இஞ்சின் ஏற்கெனவே கொதிக்குதா, பிளக்கு நனைஞ்சு, மூச்சு முட்டி நின்னுருது."

தங்கலட்சுமி ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "குளிருதுன்னு நெனச்சா எதுக்கு விசிறியைப் போடுது?"

"அதுவா... அதுக்கே தன் மேல நம்பிக்கை இல்லம்மா. ஒருவேளை சூடா இருந்துட்டா என்ன பண்றதுன்னு விசிறியையும் சுத்த விட்டிருக்கு."

"இவுக மாதிரி" என்றாள் தங்கலட்சுமி என்னைக் காட்டி. "குளிக்கப் போகும்போது குடையும் எடுத்துக்கிட்டுப் போவாக."

"எலி வேலைதான்" என்று மாரிச்செல்வம் பானெட்டுக்குள் குனிந்தான். "வயரைக் கடிச்சிருக்கும். நான் மூணாவதா எலியைத்தான்..." பேச்சு நின்றது. குழாய்க்குப் பின்னால் விட்ட கை எதிலோ பட்டது. மெதுவாக வெளியே எடுத்தான்.

கன்னங்கரேல் என்று, நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கின ஒரு உருண்டை. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் பழுப்பாக ஒன்று, வாய் வெடித்து, பாதி காய்ந்து. கடைசியாக ஒன்று மஞ்சளாகவே இருந்தது. அதில் குங்குமப் பொட்டு.

"சார், இது எலி இல்ல" என்றான் மாரிச்செல்வம். "எலுமிச்சம்பழம்."

நான் காருக்குள் பார்த்தேன். தங்கலட்சுமி தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த ரயிலை அவள்தான் வழியனுப்ப வேண்டியது மாதிரி.

"தங்கம்."

"ம்."

"இது எப்படி உள்ள போச்சு?"

"வெளிய கட்டினா ஊறுகாய்க் கடைன்னு சொன்னீக. உள்ள வச்சா யாருக்குத் தெரியப்போகுது? அமாவாசைக்கு அமாவாசை கோயில்ல வாங்கிட்டு வந்து வச்சேன். பானெட்டைத் திறக்கிறதை ஆயுதபூசைக்கு நீங்கதான் காட்டிக் குடுத்தீக." அப்புறம் மாரிச்செல்வம் பழத்தை வீசப்போகிறதைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "ஏய்யா, சாமி பழம்! தரையில போட்றாத, இங்க குடு!"

ஜன்னல் வழியாக முந்தானையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். அவள் பழத்தைச் செருகின சந்துக்குக் கீழேதான் அந்தச் சென்சார் இருக்கிறது. கட்டைவிரல் தண்டி பித்தளை. அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் சொருகி. இஞ்சின் சூட்டில் பழம் வெந்து வெடித்து, சாறு சொட்டுச்சொட்டாகச் சொருகிக்குள் இறங்கியிருக்கிறது. மாதாமாதம் அபிஷேகம். மாரிச்செல்வம் சொருகியை உருவினான். உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. சென்சாரின் ரெண்டு கம்பியில் ஒரு கம்பி சொருகியோடேயே ஒடிந்து வந்துவிட்டது.

"கண்ணு படக்கூடாதுன்னு வச்ச பழம் காரோட கண்ணையே அவிச்சிருச்சு" என்றேன்.

"அந்தப் பழம் இருக்கக்கண்டுதான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுச்சு" என்றாள் தங்கலட்சுமி. "தண்டவாளத்து மேல நின்னிருந்தா?"

நான் மாரிச்செல்வம் பக்கம் திரும்பி, "அடுத்து என்னப்பா?" என்றேன்.

புதுச் சென்சார் வேணும். மாரிச்செல்வம் டவுன் ஸ்பேர்ஸ் கடை மாரிக்கண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். கடை அப்போதுதான் திறந்திருந்தது. பொருள் இருக்கிறதாம். ஆனால் வெள்ளிக்கிழமை, கடையைக் கழுவி, சாம்பிராணி போட்டு முடிக்காமல் ஒரு ஆணியைக்கூட வெளியே கொடுக்கமாட்டாராம்.

"அண்ணாச்சி, ஒரு பிள்ளையோட காதுகுத்து நிக்குது. தாய்மாமன் கேட்டுல மாட்டிக்கிட்டாரு."

"தாய்மாமனா? அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானலே" என்றது மாரிக்கண்ணன் குரல். "இந்தா, சாம்பிராணிச் சட்டியோட பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுறேன். திருச்சுழி பஸ்ஸுல சோலைச்சாமி கண்டக்டர் கையில குடுத்து விடுறேன். கேட்டுல நின்னு வாங்கிக்க."

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்குச் சோறு, தறிக்குச் சாமான், மாட்டுக்கு மருந்து எல்லாம் இப்படித்தான் பஸ்ஸில் வரும், போகும். கூரியர் என்பதெல்லாம் வேறு சீமைக்கு.

பஸ் வருவதற்குள் இஞ்சினை ஆறவிட்டான். சூட்டோடு கழற்றினால் கொதிக்கிற தண்ணி முகத்தில் அடிக்குமாம். ஒடிந்த கம்பியைச் சொருகிக்குள்ளிருந்து குறட்டால் பிடுங்கினான். களிம்பைக் குண்டூசியால் சுரண்டி, பெட்ரோலில் கழுவினான். நான் தண்டவாளத்துக்கும் காருக்கும் நடந்த நடையை ஒரே கோடாக இழுத்திருந்தால் காசிக்குப் போயிருப்பேன். ஒரு பஸ் வந்தது. அது நரிக்குடி பஸ், கை காட்டினதுக்கு டிரைவரும் கை காட்டிவிட்டுப் போய்விட்டார். மணி ஓடிக்கொண்டே இருந்தது. பேச்சிக்குப் போட்டேன். எடுக்கவில்லை. காட்டுக்குள் டவர் இல்லை.

அப்புறம் வந்தது. பஸ் சாய்ந்துகொண்டு வந்தது, அவ்வளவு கூட்டம். முன்படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் சோலைச்சாமி ஒரு சின்ன டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"குளிர்ல நடுங்குற காரு இதுதானாய்யா?"

மாரிச்செல்வம் கடைக்காரரிடம் சொல்லி, கடைக்காரர் கண்டக்டரிடம் சொல்லி, கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டே பஸ் முழுக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் தலை.

"அண்ணாச்சி, கம்பளி போத்தி விடுங்க!"

"சுக்குக் காப்பி குடுத்தீகளா?"

"தாய்மாமன் இவரா? ஏலே, இவரு மடியைப் பாத்தா பிள்ளை வழுக்கி விழுந்துரும்டா!"

சிரிக்கட்டும். டப்பாவை வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். உள்ளே பஞ்சில் சுற்றின பிள்ளை மாதிரி அந்தச் சின்னப் பித்தளை. பஸ் போன பிறகும் சிரிப்பு கொஞ்ச தூரம் கேட்டது.

பழையதைக் கழற்றின ஓட்டை வழியாகத் தண்ணி போய்விடாமல் உடனே அடைக்கணும். "விரலை வைங்க சார்" என்றான் மாரிச்செல்வம். அவன் ஸ்பானரைக் கடைசித் திருகு திருகினதும் கண்மாய் மடை உடைந்தது மாதிரி பீச்சியது. என் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். சூடு உச்சந்தலைக்கு ஏறியது. வெள்ளை வேட்டி, பட்டுக்கரை துண்டு எல்லாம் பச்சைத் தண்ணி. "எடுங்க!" என்றான், எடுத்தேன், புதுசைத் திருகி இறக்கினான். சொருகியை மாட்டினான். குறைந்த தண்ணிக்குத் தங்கலட்சுமி குடிக்கக் கொண்டுவந்த பாட்டிலை ஊற்றினான்.

"சார், சாவியை மட்டும் போடுங்க. ஸ்டார்ட் பண்ணிராதீங்க."

போட்டேன். மூணு தலையும் ஒரே செல்போனுக்குள்.

ஐம்பத்தெட்டு என்றது. முன்னால் கோடு இல்லை.

விசிறி சுற்றவில்லை. அன்றைக்குத்தான் கவனித்தேன், அந்த விசிறிச் சத்தம் எத்தனை மாசமாக என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது என்று. தூரத்தில் ஒரு மயில் அகவியது தெளிவாகக் கேட்டது. மாரிச்செல்வம் துடைத்த பிளக்குகளை மாட்டி, செல்லில் எதையோ அழித்துவிட்டு, "இப்ப" என்றான். ஒரே திருகு. கார் கோயில் மாடு தலையாட்டுகிற மாதிரி அமைதியாக எழுந்து நின்றது. புகை இல்லை. நம்பர் அறுபதானது, அறுபத்தஞ்சானது. தங்கலட்சுமி குனிந்து, ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் உரித்தாள். அடியில் விளக்கு எரியவில்லை. பொட்டைத் தன் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டாள்.

மாரிச்செல்வத்தைப் பைக்கில் பின்னாலேயே வரச் சொல்லிவிட்டு விரட்டினேன். அந்த ஓட்டத்தில் நான் முந்தின வண்டிகளின் பட்டியலைக் கொடுத்தால் போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள். நம்மைக் கிண்டல் பண்ணின பஸ்ஸையும் முந்தினேன். ஹாரன் அடித்துவிட்டுத்தான் முந்தினேன்.

கோயில் காட்டுக்குள் திரும்பினால் ஒரே கலவரம். கொட்டுக்காரர்கள் கொட்டை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறார்கள். ஆளுக்கொரு பக்கம் "பேச்சீ! பேச்சீ!" என்று முள்ளுக்குள் கூப்பிட்டுக்கொண்டு திரிகிறார்கள். அய்யப்பன் வேட்டி கிழிந்து ஓடி வந்தான்.

"மச்சான், வந்துட்டீகளா! அவளைக் காணும். பிள்ளையையும் காணும்."

நான் இறங்கவில்லை. ஹாரனை அமுக்கினேன். நீளமாக, ஒரே அமுக்கு. காட்டுக் காக்கை எல்லாம் கிளம்பி வானம் கறுத்துவிட்டது.

சாமி மேடைக்குப் பின்னால் ஒரு கருவேலம் புதர் அசைந்தது. முதலில் ஒரு கை. அப்புறம் சேலை முழுக்க முள்ளும், தலை முழுக்க சருகுமாகப் பேச்சி. அவள் முந்தானைக்குள் தலையை மூடிக்கொண்டு ரேணுகா. பிள்ளை மேல் ஒரு கீறல் இல்லை. பேச்சி கை ரெண்டும் கீறல்.

என்னைப் பார்த்ததும் திட்டுவாள் என்று நினைத்தேன். "வேட்டி ஏண்ணே பச்சையா இருக்கு?" என்றுதான் கேட்டாள். கேட்டுவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

பலகையில் நல்லகண்ணு இன்னும் துண்டை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். "வந்துட்டாரா? நல்லதாப் போச்சு" என்றார், நிஜமாகவே நிம்மதியாகத்தான் சொன்னார். எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. சம்மணம் போட்டு ரொம்ப நேரமானதில் முட்டி பூட்டிக்கொண்டது. ரெண்டு பேர் அப்படியே, சம்மணம் கலையாமல், உற்சவ மூர்த்தியைத் தூக்குகிற மாதிரி தூக்கி ஓரமாக வைத்தார்கள். அந்தச் சூட்டோடு நான் உட்கார்ந்தேன். தட்டுகளை வரிசையாகச் சபையில் இறக்கினார்கள். கொட்டு முழங்கியது. பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். பத்தரைக்கு ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம் பாக்கி இருந்தது.

முடி விழுந்தது. ஆசாரி ரெண்டு காதிலும் சந்தனம் வைத்துக் குத்தினார். பிள்ளை போட்ட சத்தத்துக்கு ராமேஸ்வரத்தில் படகெல்லாம் கரைக்குத் திரும்பியிருக்கும். என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள், வெந்துபோன அதே விரலை. இறுக்கிப் பிடித்தாள். எனக்கும் கண்ணில் தண்ணி வந்தது. விரல் எரிச்சல் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அழுது ஓய்ந்து, வாயில் ஒரு லட்டோடு அப்படியே தூங்கிப்போனாள். மொட்டைத் தலை என் நெஞ்சில் சாய்ந்து, சந்தனம் சட்டையெல்லாம் அப்பியது.

அந்தப் பக்கம் மாரிச்செல்வம் ஒரு கூட்டத்தைக் கூட்டி வைத்து, கார் சத்தத்தைப் போனில் கேட்டே சென்சார் என்று கண்டுபிடித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். தங்கலட்சுமி, ரயில் தண்டவாளத்தில் நிற்காமல் பழம் காப்பாற்றினதை இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சேலையிலிருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மச்சான், எந்திரிங்க. முதல் பந்தி, கறி ஆறுது" என்றான் அய்யப்பன்.

"இலையை இங்க போடு மாப்ள. பிள்ளை தூங்குது."

இடுப்புக்குக் கீழே ரெண்டு காலும் மரத்துப்போய் வெகுநேரமாகியிருந்தது. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.